பாறை மீனும் ஐந்து கிலோ ஆட்டாவும்

என் கணவர் நல்லவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது.

நான் தூத்துக்குடிக்காரி. டில்லியில் மத்திய அரசு வேலை, கிட்வாய் நகரில் மூன்றாவது மாடி குவார்ட்டர்ஸ். வருஷத்துக்கு ஒரு தடவை லீவு போட்டு ஊருக்குப் போகும்போது, ஒரே ஒரு காலைப் பொழுதை எனக்கென்று ஒதுக்குவேன். வாடகைப் படகில் தூண்டில் ராடும் ரீலுமாகப் போய் பாறை மீன் பிடிப்பேன். சாப்பிட அல்ல. பாறை இழுக்கிற இழுப்பில் தோள் கழன்றுவிடும், அதற்காகத்தான். படகோரம் கொண்டுவந்து, தூண்டில் முள்ளைக் கழற்றி, திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவேன். போன வருஷத்துக்கு முன் இரண்டு வருஷம் ஒன்றும் மாட்டவில்லை.

ரீலில் ஒரு திருகு உண்டு. பெரிய மீன் பாயும்போது ரீல் தூண்டில் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுந்துவிடும். எவ்வளவு என்பதை அந்தத் திருகுதான் முடிவு செய்யும். டில்லியில் அதைச் சோதிக்கக் கடலுக்கு எங்கே போவது? நரம்பின் நுனியில் ஐந்து கிலோ ஆட்டா பையைக் கட்டி பால்கனியிலிருந்து தொங்கவிடுவேன். கிர்ரென்ற சத்தத்தோடு பை நிதானமாக இறங்கினால் திருகு சரி. எதிர் பிளாக்குக்காரர் கீழே நின்று, "பாபிஜி, மச்லி ஃபஸீ க்யா?", மீன் மாட்டிச்சா என்று கேட்டுச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தத் திருகைச் சரிசெய்து வைத்தேன்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் என் கணவருக்கு ஒரு வழக்கம். கேஸ், கீஸர், குழாய் என்று வீடு முழுக்கச் சுற்றி எல்லாவற்றையும் மூடி இறுக்குவார். ஆடுகிற குக்கர் கைப்பிடியைக்கூட விடமாட்டார். போன வருஷம் கிளம்பிய அன்றும் சுற்றினார். நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

ஊர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை கடலில் இருந்தோம். அவரும் வந்திருந்தார், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. திடீரென்று பறவைகள் கூட்டமாக இறங்கின, அடியில் மீன் இருக்கிறது என்று அர்த்தம். ரீலை ஒருமுறை கையால் இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் பார்க்காமலே முள் மாட்டிய போலி மீனை வீசினேன். அந்தத் தப்பு என்னுடையது.

பாறை அடித்தது. ராடு வில்லாக வளைந்தது. தண்ணீரில் ஒரு அகலமான வெள்ளி முதுகு புரண்டதைப் பார்த்தேன்.

"அக்கா, ரீல்ல சத்தமே வரலியே!" என்று படகுக்காரர் கத்தினார்.

திருகைத் தொட்டேன், அசையவில்லை. பட்டென்று நரம்பு அறுந்தது. வாயில் மும்முனை முள்ளோடும் பின்னால் இழுபடும் நரம்போடும் அந்த மீன் போய்விட்டது.

"அந்தத் திருகா? லூசா இருந்துச்சு. கிளம்புறப்ப நான்தான் நல்லா டைட் பண்ணி வச்சேன்" என்றார் கணவர். குரலில் பெருமை வேறு.

"ஒங்கள யாரு அதத் தொடச் சொன்னா?"

"எதுக்கு இப்படிக் கத்துற? டில்லி போனதும் ஐ.என்.ஏ. மார்க்கெட்ல வஞ்சிரமே வாங்கித் தரேன்."

கரை சேரும்வரை மிச்ச நரம்பை ரீலில் சுற்றிக்கொண்டிருந்தேன். என் ஆபீஸ் ஃபைல் சாப்பாட்டு மேசையில் கிடந்தால் தட்டை நகர்த்திக்கொண்டு சாப்பிடுகிற மனுஷன் இவர். ஒரு காகிதத்தைக்கூடத் தொடமாட்டார். அது சர்க்கார் வேலை. ரீல் மட்டும் அவருக்கு இன்னொரு குக்கர் கைப்பிடி. பதினெட்டு வருஷமாக பால்கனியில் நான் ஆட்டா பையைத் தொங்கவிடுவதைப் பார்க்கிறார், எதற்கு என்று ஒரு நாள் கேட்டதில்லை.

டில்லி திரும்பியதும் கதவைத் திறந்து, கேஸ், கீஸர், குழாய் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"பாத்தியா, எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு."

"மீன் வாயில முள்ளும் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

குழாயைத் திறந்துகொண்டே, "எந்த மீன்?" என்று கேட்டார்.

மறுநாள் ரீலை ஆபீஸுக்கு எடுத்துப் போய் என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இந்த வருஷம் ஊருக்கு ஒரு டிக்கெட்தான் எடுத்திருக்கிறேன்.