கடுகு வரிசை

செந்தாமரை வாயைத் திறந்தால் கொள்ளிடக் கரை முழுக்கக் கேட்கும். ஆனால் சொன்னதைச் செய்யாமல் விட்டாள் என்று அவளுக்கு ஆகாதவர்கள்கூடச் சொன்னதில்லை. போன வருஷம் முட்டைகோஸுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் தமிழ்மாறன் வரப்பிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, "இனிமே அந்த ஸ்பிரேயர் உங்க முதுகுல ஏறாது" என்றாள்.

சொல்லிவிட்டாள் சரி, புழுவை என்ன செய்வது? படுகை நிலத்தில் மார்கழிக் குளிருக்கு முட்டைகோஸ் நன்றாக வரும், கூடவே புழுவும் வரும். அப்போதுதான் அவளுக்கு அந்தச் செடி ஞாபகம் வந்தது. கோஸுக்கு நடுவே தானாக முளைத்த கடுகுச் செடி ஒன்று, புழு தின்று சல்லடையாக நின்றது. சுற்றியிருந்த கோஸில் அவ்வளவு ஓட்டை இல்லை. முட்டையிட வரும் அந்துப்பூச்சிக்குக் கடுகுதான் அதிகம் பிடிக்கும்போல. வேளாண்மை அலுவலகத்தில் போய்க் கேட்டாள்.

"சரிதாம்மா. கோஸ் நடவுக்கு முன்னாடியே கடுகை விதைச்சிடுங்க. அது முத்தறதுக்குள்ள இன்னொரு தடவையும் விதைங்க" என்றார்கள்.

அப்படியே கோஸுக்கு இடையிடையே கடுகு வரிசை விட்டாள். பக்கத்து வயல் துரைராசு, "தாளிக்கவா தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே, புழுவைத் தாளிக்க!"

கடுகில் புழு மொய்த்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் அந்த வரிசைகளுக்கு மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்க ஊறப்போட்டுவிட்டு, கத்தரிக்காய் மூட்டையோடு தாராசுரம் மார்க்கெட்டுக்குப் போனாள். அந்த நேரத்தில் தமிழ்மாறன் வயலுக்கு வந்தார். கடுகெல்லாம் புழு நெளிந்தது. புழு விழுந்த செடியைப் பிடுங்கிப் போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். ஒரு பக்கத்துக் கடுகு முழுவதையும் பிடுங்கி வரப்பில் போட்டார்.

கடுகு வாடியதும் புழுக்கள் கோஸுக்கு நகர்ந்துவிட்டன. செந்தாமரை திரும்பி வந்தபோது ஓர வரிசைகளில் இலைக்கு இலை புழு.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணேன் தாமரை." அவர் ஒரு கோஸ் இலையைத் திருப்பிப் பார்த்தார். "ஸ்பிரேயரை எடுத்தாறவா?"

வந்த கோபமெல்லாம் போய் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"எடுங்க. ஆனா நான்தான் முதுகுல மாட்டிக்கிட்டு அடிப்பேன். சம்மதமா?"

அவர் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார்.

"அப்ப உக்காருங்க. கையால பொறுக்குவோம்."

பொழுது சாயும்வரை இருவரும் பொறுக்கினார்கள். ஓர வரிசைகள் பாதிதான் தேறின. அதற்குள் இரண்டாவது விதைப்புக் கடுகு தழைத்து வந்து, புதிதாக வந்த அந்துப்பூச்சிகளை இழுத்துக்கொண்டது. கரைசல் வாளியைத் தமிழ்மாறனே தூக்கினார், கடுகு வரிசைக்கு மட்டும். மீதி வயல் கெட்டியாகக் காய் கட்டியது.

அறுவடையன்று மதியம் அவர் தட்டில் முட்டைகோஸ் பொரியல் இருந்தது. அவர் கை நின்றது. இத்தனை வருஷம் கோஸ் போட்டவர், அதற்கு என்னவெல்லாம் அடித்தோம் என்று தெரிந்ததால், ஒரு காயைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

"நம்ம வயலுதா?"

"நம்மளுதுதான். சாப்புடுங்க."

ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு பொரியல் சட்டியை இழுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் செம்மொழியின் தட்டில் தன் கையாலேயே இரண்டு கரண்டி வைத்தார்.