புல் ஆறும்வரை

என் மனைவிக்கு இடுப்பு எலும்பில் சத்திரசிகிச்சை நடந்து மாதக்கணக்காகிவிட்டது. காயம் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. "வெளியிலை கொஞ்சம் கொஞ்சமா நடக்கவேணும், இல்லாட்டில் கால் நடையை மறந்துபோகும்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவளோ வாசல் படலையைத் தாண்டமாட்டேன் என்று அறை யன்னலோடேயே இருந்தாள். வீட்டுக்கு முன்னால் குறுகிய ஒழுங்கை. அதற்கு அப்பால் தரவை, மாரிமழையில் பச்சைபிடித்த பெரிய புல்வெளி. நடக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கெஞ்சினேன், வெருட்டினேன், பகிடி விட்டேன். கடைசியில் பட்டம் கட்டினேன்.

காரணம் உண்டு. அவள் வடகரைக் கடலோடிக் குடும்பத்துப் பெண். தை பிறந்தால் அந்த வீட்டில் ஆணும் பெண்ணும் வானத்துப் பட்டத்தைப் பார்த்து அண்ணாந்துதான் நடப்பார்கள். நான் கோப்பாய்த் தோட்டக்காரன். காற்று என்றால் வாழையைச் சாய்க்கிற சாமான், அவ்வளவுதான் பழக்கம். போதாததற்கு ஓய்வுபெற்ற கணித வாத்தி. கரும்பலகையில் காற்று எப்போதும் நேர் அம்புக்குறியாகவே வீசும்.

பட்டத்தின் தலையில் விண் கட்டினேன். வில்லில் இழுத்துக் கட்டிய நார் அது. காற்றுப் பட்டால் கூவும். அந்தச் சத்தம் கேட்டால் அவள் எழுந்து வருவாள் என்பது என் கணக்கு. வாலுக்கு அலுமாரி அடித்தட்டில் கிடந்த சீலையொன்றைக் கிழித்துக்கொண்டேன்.

நல்ல மத்தியானமாகப் பார்த்துத் தரவையில் இறங்கினேன். தோட்டத்தில் வாழையிலை கூடுதலாகப் படபடக்கிற நேரம் அதுதானே! மாடு பார்க்க வந்த ஒருவர் பட்டத்தைத் தூக்கிப் பிடித்து விட்டார். காய்ந்த மணல்திட்டுக்கு மேலே யாரோ கூப்பிட்டதுபோல விர்ரென்று ஏறியது. நான் யன்னலைப் பார்த்துப் பெருமையாகக் கை காட்டினேன். அதற்குள் ஈரப்புல்லுக்கு மேலே போய்த் தலைகீழாகக் குத்திவிட்டது. திரும்ப ஏற்றினோம். திரும்பக் குத்தியது.

"மாஸ்ரர், பட்டம் விடுறியளோ, கிணறு கிண்டுறியளோ?" என்றார் மாட்டுக்காரர்.

"காத்துச் சரியில்லை அண்ணை."

"காத்தைக் கேட்டால் உங்களைச் சொல்லுது."

அப்போதுதான் படலை கிறீச்சிட்டது.

"இஞ்சாருங்கோ! உது என்ரை வெங்காயக்கலர்ச் சீலையெல்லோ?"

"பழசெண்டு நினைச்சன்."

"நீங்களும்தான் பழசு. நான் கிழிச்சனானோ?"

ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி ஒழுங்கையைக் கடந்து வந்தாள். ஓடிப்போய்ப் பிடிக்கக் கால் உன்னியது. "நடக்கிறீரே!" என்று ஒரு சொல் சொன்னால் பயம் நினைவுக்கு வந்துவிடுமோ என்று, நூலும் கையுமாகக் கம்பம் போல நின்றேன்.

கிட்ட வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை முதலில் மணலிலும் பிறகு புல்லிலும் வைத்துப் பார்த்தாள்.

"தரை கொதிக்குது. காய்ஞ்ச இடம் காத்தை மேலை எத்துது, ஈர இடம் கீழை விடுது. இந்தக் குழப்பத்துக்குள்ளை எந்தப் பட்டம் நிக்கும்? புல்லு ஆறட்டும், வாடைக்காத்துச் சீராய் வரும்."

"அதுவரைக்கும் என்ன செய்யிறது?"

"வாயை மூடிக்கொண்டு இருக்கிறது."

வீட்டிலிருந்து கதிரை கொண்டுவந்தேன். அவள் இருந்தாள்; நான் புல்லில். வெயில் சாயச் சாய, பகல் முழுக்கப் புல் வாங்கிவைத்த சூடு கணுக்காலைத் தொட்டு மேலேறிப் போனது, பசு மூச்சு விட்டதுபோல. அவள் இடைக்கிடை காலால் புல்லைத் தடவிப் பார்த்தாள். கடைசியில் பாதத்தில் குளிர் பட்டிருக்கவேண்டும்.

"இப்ப விடுங்கோ."

ஏறியது. ஆட்டம் இல்லை, குத்தல் இல்லை. உச்சியில் நின்று விண் கூவத் தொடங்கியது. நூலை வாங்க அவள் எழுந்தாள். ஊன்றுகோல் கதிரையிலேயே சாய்ந்து கிடந்தது. நான் அதைப் பார்க்காதமாதிரிப் பின்னாலேயே நின்றேன்.

"வால் காணாது" என்றாள், அண்ணாந்தபடியே. "நாளைக்கு உங்கடை கலியாண வேட்டியைக் கிழிப்பம்."

"ஓம், நாளைக்கு" என்றேன். வேட்டி என் காதில் விழவே இல்லை.