எலுமிச்சம்பழ நிலா

டார்ச் விளக்கு சூரியன், தேங்காய் பூமி, எலுமிச்சம்பழம் நிலா. எழுபதுகளில் செங்கல்பட்டுப் பள்ளியொன்றில் பூகோள வாத்தியாராக இருந்த என் அண்ணன் இந்த மூன்றையும் வைத்துக் கிரகணம் நடத்தினால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். பூமியைச் சுற்றி வரும் நிலா நடுவில் வந்து சூரியனை மறைத்தால் சூரிய கிரகணம். பூமியின் நிழல் நிலாவின்மேல் விழுந்தால் சந்திர கிரகணம். “பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல. வெறும் நெயலு,” என்று முடிப்பார். மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் குப்பத்து வீட்டிலும் இதே பாடம் நடக்கும். புதிதாய்க் கல்யாணமாகி வந்த அண்ணிதான் தேங்காயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த எலுமிச்சம்பழத்தை இன்றும் என்னால் கோபமில்லாமல் நினைக்க முடியவில்லை.

அண்ணிக்குப் பிரசவ வலி கண்ட அன்று சூரிய கிரகணம். குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. தண்ணீர்ப் பானைகளைக்கூட மூடிவைத்திருந்தார்கள். கிரகணம் பட்டால் பிள்ளை ஊனமாகிவிடும் என்று அம்மா ஜன்னலுக்குக் கோணி அடித்து அண்ணியை உள்ளே உட்காரவைத்தாள். நான் ஓடிப்போய் மீன் ஏற்றும் வேன்காரரைக் கூட்டிவந்தேன். “ஏத்து அண்ணாத்த, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிடலாம்,” என்றார் அவர். வாசலை மறித்து நின்றது அம்மா இல்லை, என் அண்ணன். கிரகணம் விட்டதும் போகலாமாம்.

“நெயலுன்னு நீங்கதானே சொன்னீங்க!” என்று உள்ளிருந்து அண்ணி அலறினார். நானும் கத்தினேன்.

“அது பாடம். இது வூடு,” என்றார் அண்ணன்.

கிரகணம் விட்டது. குழந்தை பிழைக்கவில்லை. வலி கண்டதுமே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா திட்டினார். அண்ணன் பிறகு பள்ளிக்கூடம் போய், ‘கிரகணம் என்றால் என்ன?’ என்ற கேள்விக்குப் பிள்ளைகள் எழுதியதைத் திருத்தி மார்க் போட்டார். எழுத்தே தெரியாத அம்மாவை மன்னித்துவிட்டேன். தெரிந்துவைத்துக்கொண்டே வாசலை மறித்த மனுஷனை எப்படி மன்னிப்பது? படிப்பு என்ன, பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு வருவதற்கா?

போன மாதம் கூடுவாஞ்சேரியில், அந்தக் குழந்தைக்குப் பிறகு பிறந்த அண்ணன் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். கிரகணம் என்றால் என்ன என்று பேத்தி கேட்டதுதான் தாமதம், தாத்தாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. டார்ச்சுக்குப் பதில் செல்போன் வெளிச்சம். மற்றபடி அதே தேங்காய், அதே பழம்.

“வெறும் நெயலும்மா. அதுக்குப் போயி யாராச்சும் பயப்படுவாங்களா?”

சமையலறையிலிருந்து வந்த அண்ணி, அவர் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

“அன்னிக்கி அது இன்னாவா இருந்துச்சு?”

பேத்தி தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். அண்ணி உள்ளே போய்விட்டார். அண்ணனின் கை மட்டும் பழத்தைப் பிடித்திருப்பது போலவே நின்றது.