நான் திருத்திய சொல்

இத்தாலியில், பலேர்மோ நகரில் நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்கள் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவார்கள். பிரான்காச்சோ பகுதியில் எங்கள் மாடிக் கட்டடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் செத்துப்போன தாத்தாமார் சீனிப் பொம்மை வைத்துவிட்டுப் போக, அவர்கள் பூவோடு சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளுக்கு முன்னால் நன்றி சொல்லிவிட்டு வருவார்கள். எனக்கும் ஒரு பொம்மை வரும். நான் பிறக்க முன்பே வன்னிச் சண்டையில் இறந்த அக்கா தந்தது என்பார் அம்மா. அக்காவின் கல்லறை எங்கே என்று கேட்டால் மட்டும் அடுப்பில் ஏதாவது கருகத் தொடங்கிவிடும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அந்த நாளுக்கு முந்திய வாரம், வகுப்போடு ஒரு கண்காட்சிக்குப் போனோம். துணைக்கு வந்த தாய்மாரில் அம்மாவும் ஒருவர். தான் வேலை செய்யும் சிஞ்ஞோரா வீட்டில் லீவு கேட்டு வந்திருந்தார். கற்கால மனிதர் பெருங்கற்களால் கட்டிய கல்லறை ஒன்றை அங்கே மாதிரியாகச் செய்திருந்தார்கள். குனிந்து போக ஒடுங்கிய நீள வழி, முடிவில் ஓர் அறை, மேலே மண்மேடு. வாசற்கல்லில் சுருள் சுருளாகக் கொத்தியிருந்தது.

நாங்கள் முண்டியடித்து உள்ளே போனோம். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை.

"இது பங்கர்," என்றார்.

வீட்டில் இத்தாலியன் தெரிந்தவள் நான்தான் என்ற மிதப்பு எனக்கு. "ஷெல்லுக்கு ஒளிக்கிற பங்கர் இல்லையம்மா, கல்லறை. செத்த ஆக்களை வைக்கிற இடம்."

"ஓம் பிள்ளை. ரெண்டும் ஒண்டுதான்."

அம்மாவுக்கு விளங்கவில்லை என்று ஆசிரியையிடம் சொல்லிச் சிரித்தேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

கல்லில் ஏன் கீறினார்கள் என்று கேட்கச் சொன்னார் அம்மா. விளக்கம் சொன்ன பெண், சரியாக யாருக்கும் தெரியாது, திரும்பி வருகிறவர்கள் இடத்தை அடையாளம் காணவும் இருக்கலாம் என்றாள். மொழிபெயர்த்தேன். அம்மா அந்தச் சுருளில் உள்ளங்கையை வைத்தவர், காவலர் வந்து சொல்லும்வரை எடுக்கவில்லை.

கடைசியில் எங்களுக்கும் ஆளுக்கொரு களிமண் பலகை தந்து சுருள் கீறச் சொன்னார்கள். என்னுடையதை அம்மா கேட்டு வாங்கி, வீட்டில் அக்காவின் படத்துக்குக் கீழே வைத்தார். நவம்பர் இரண்டாம் தேதி காலை அதன்முன் பூ இருந்தது.

"இனி இஞ்சை நன்றி சொல்லு."

மற்றப் பிள்ளைகள் பஸ்ஸில் பெரிய சேமக்காலைக்குப் போக, எனக்குச் சமையலறையில் ஒரு களிமண் துண்டா என்று கோபம் வந்தது. அவசரமாக ஒரு 'கிராட்சியே' சொல்லிவிட்டுப் பொம்மையின் தலையைக் கடித்தேன். ஷெல் விழுந்து அக்காவோடு மூடிப்போன பங்கரின் மேல், அடையாளத்துக்கு ஒரு கல்லைக்கூட வைக்க நேரமில்லாமல் அம்மா சனத்தோடு நடந்து வந்தவர் என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.