படகுக்குப் போன தண்டு

என் அண்ணிக்குப் பட்டறையில் வைத்திருக்கும் பெயர் ‘அவசரம்’. ஒரு கையால் வீட்டைப் பூட்டிக்கொண்டே மறு கையால் தலை வாருகிற ஆள். அடுப்பில் எதுவும் அவர் பொறுப்பில் ஒழுங்காக வெந்ததில்லை. வீட்டில் சமைப்பது என் அண்ணன், எங்கள் வயிறு செய்த புண்ணியம். ஆனால் பட்டறை உலைக்கு முன்னால் அண்ணி உட்கார்ந்துவிட்டாரென்றால் இடியே விழுந்தாலும் நகரமாட்டார்.

எஃகைச் சூட்டில் வைத்துப் பதப்படுத்துவதுதான் அவர் வேலை. நான் கடைசல்காரன். ‘பதினேழு-நாலு’ என்று நாங்கள் கூப்பிடும் துருப்பிடிக்காத எஃகு எங்களிடம் அதிகம் வரும். நூற்றுக்குப் பதினேழு பங்கு குரோமியம், நாலு பங்கு நிக்கல், கூடவே கொஞ்சம் செம்பு. அதை முதலில் நான் கடைந்து முடிப்பேன். பிறகு அண்ணி அறுநூற்று இருபது டிகிரியில் நாலு மணி நேரம் வைப்பார். உள்ளே கரைந்து கிடக்கும் செம்பு நுண்துகள்களாகத் திரளும். எஃகு அடியும் தண்ணீரும் தாங்குகிற பதத்துக்கு வரும். அந்தச் சூட்டைக் காணாததைப் படகின் விசிறியைச் சுழற்றும் தண்டாக மாட்டினால், உப்புத் தண்ணீரில் விரிசல் விட்டு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறிந்துவிடும்.

உலையிலிருந்து வருவது பழுப்பேறித்தான் வரும். பழுப்பில்லாததை மெருகுச் சக்கரத்தில் வைக்கக்கூடாது என்பது எங்கள் பட்டறைச் சட்டம். அதை மீறியவர் அண்ணியின் கூடப்பிறந்த தம்பி, எனக்கு மச்சான், மெருகு போடுகிறவர்.

ஆற்றுமுகத்தில் ஆட்களை ஏற்றிப்போகும் இரண்டு படகுகளுக்கு ஒரே அளவில் இரண்டு தண்டுகள் செய்திருந்தோம். ஒன்று உலைக்குப் போய் வந்துவிட்டது. மற்றது முறைக்குக் காத்திருந்தது. படகு முதலாளி பார்க்க வருகிறார் என்றதும், கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டுமென்று மச்சான் இரண்டையுமே தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்துவிட்டார். முதலாளியின் ஆட்கள் ஒன்றைத் தூக்கிப்போய் மாட்டியும்விட்டார்கள். அந்தப் படகை ஓட்டுகிறவன் அண்ணியின் மகன்.

மறுநாள் காலை, மிச்சத் தண்டை உலையில் ஏற்ற வந்த அண்ணி அதன் பளபளப்பைப் பார்த்து நின்றுவிட்டார்.

“எதுடா போச்சு?”

“பழுப்பா இருந்ததத்தான்க்கா குடுத்தேன்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறியா? ரெண்டையும் தேச்சு வெச்சா எதுடா பழுப்பு?”

மச்சான் தண்டின் மேல் விரலை ஓட்டிப் பழுப்பைத் தேடினார். என் வாயில் வந்தது இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

அண்ணி மகனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. படகுத்துறைக்குப் போட்டோம், ஆட்களோடு கிளம்பிவிட்டது என்றார்கள். மறுபடி மகனுக்கே போட்டுக்கொண்டிருந்தார்.

“இங்க இருக்கறதோட கடினத்த அளந்து பாத்துரலாமா அண்ணி?” என்றேன்.

“பிரயோஜனமில்ல தம்பி. இந்தப் பதத்துக்கு வெச்சா, சூட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஏறக்குறைய ஒரே கடினந்தான் காட்டும்.”

போனைக் காதில் வைத்தபடியே தண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துக்கொண்டே போனார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீளத்துல எவ்வளவு கூட்டி வெட்டினீங்க?”

“ரெண்டு மில்லி.”

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. இந்த எஃகு உலையில் கொஞ்சம் சுருங்கும். இரண்டு மீட்டர் தண்டென்றால் ஏறக்குறைய இரண்டு மில்லி. அதற்காகவே கூட்டி வெட்டுவேன். மெருகுச் சக்கரம் நிறத்தைத்தான் தின்னும், நீளத்தைத் தொடாது. இங்கே கிடப்பது கூடுதல் நீளமாக இருந்தால் இதுதான் உலையைக் காணாத பச்சைத் தண்டு, பிழைத்தோம். அளவு சரியாக இருந்தால் பச்சைத் தண்டு ஆற்றில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அளவு சரியாக இருந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு ஒரு கடைசல்காரன் அளந்தது அன்றைக்குத்தான் இருக்கும்.

“ரெண்டு மில்லி கூட இருக்கு அண்ணி!”

“இன்னொரு தடவ பாருங்க.”

பார்த்தேன். கூடத்தான் இருந்தது. மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்து சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரை நாலு சாத்து சாத்த வேண்டுமென்று இருந்த எனக்கு, கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போன உயிர் திரும்பி வந்தால் எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள்.

அப்போதுதான் போன் அடித்தது. மகன்.

“என்னம்மா, இத்தன தடவ கூப்பிட்டிருக்கே? இஞ்சின் சத்தத்துல கேக்கல.”

பிடித்துக்கொண்டார் அண்ணி. போன் எதற்கு வைத்திருக்கிறாய், அழகு பார்க்கவா என்று ஆரம்பித்து, ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, சொன்ன நேரத்துக்கு வீடு வராதது, பள்ளிக்கூடத்தில் குடை தொலைத்தது வரை ஒன்றையும் விடவில்லை. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, திட்டு நிற்கவில்லை.

“அம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்? எதுக்கு இப்ப இந்தத் திட்டு?”

“திட்டறதுக்கு நீ இருக்கியே, அதுக்குத்தான்டா!”