ஒரே உறைக்குள் இரண்டு மகஜர்கள்

தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடையின் கடைசியில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த ஒரு குடும்பம் டொரொன்டோவுக்குக் குடிபெயருமா, மொன்றியலிலேயே இருக்குமா என்பதைப் பேஸ்போல் லீக் தீர்மானிக்க வேண்டியிருந்தது. லீக்குக்கு இது தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

எங்களுக்கு என்றால், டெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக் கடையின் பின்பக்கத்தில் கூடிய நாலு பேருக்கு. கடையை நடத்தியவரை எல்லோரும் அண்ணை என்றே கூப்பிட்டோம். பாலும் பியரும் லொத்தர் டிக்கட்டும் முன்னால். முருங்கைக்காயும் தேங்காயும் நடுவில். பின்னால் அரிசி மூட்டைகள், அவற்றின் மேல் ஒரு தொலைக்காட்சி. சனிக்கிழமைகளில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரிலிருந்து சென்னை எஞ்சினியர் ஒருவர் மரக்கறி வாங்கக் காரில் வருவார். உடனே திரும்புவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்து, ஆட்டம் முடியும்வரை கறிவேப்பிலைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். மூன்றாவது ஆள் நான். நாலாவது அக்கா.

அக்காவுக்கு ஒரு கார்டெரியின், அதாவது குழந்தைகள் காப்பகத்தின், சமையலறையில் வேலை. அங்கே குழந்தைகளோடும் ஆசிரியைகளோடும் அவர் பேசிய பிரெஞ்சு எந்த வகுப்பிலும் படித்ததல்ல. வந்த புதிதில் வீட்டில் தனியாக இருந்தபோது வானொலியில் பேஸ்போல் வர்ணனை கேட்டுக் கேட்டு வந்தது. ஒரே விஷயத்தை ஒவ்வொரு பந்துக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அதனால் விளங்கியது என்பார். பிரெஞ்சு வந்தது, பிரெஞ்சால் வேலை வந்தது. எங்கள் நகரத்து அணிமேல் அவருக்கு இருந்த பிடிப்பை விளக்க இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

அவருடைய கணவருக்கு டொரொன்டோவில் ஒரு அண்ணன். அந்த வருடங்களில் வாரத்துக்கு ஒரு குடும்பமாவது இங்கிருந்து அங்கே போய்க்கொண்டிருந்தது. வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தால் கணவர் கேட்பார், அக்கா மறுப்பார். அந்தத் தைப்பொங்கலன்று கணவரின் அண்ணனும் வந்திருந்து கேட்க, அக்கா எல்லோர் முன்னிலையிலும் ஒரு சொல் கொடுத்துவிட்டார்: மொன்றியலும் டொரொன்டோவும் ஒரே பிரிவில் விளையாடட்டும், அந்த வருடமே வருகிறேன். அப்படியானால் தன் அணியை அங்கேயிருந்தும் பார்க்கலாம் அல்லவா. இரண்டு அணிகளும் வேறு வேறு லீக்குகளில் இருந்தன. நடக்காத காரியம் என்று நம்பித்தான் அவர் சொன்னது.

அந்தக் கோடையில் இரண்டு லீக்குகளும் முதல்முறையாகக் கலந்து விளையாடின. நாங்கள் டொரொன்டோவோடு மோதினோம். அது முடிந்து சில வாரங்களில் பத்திரிகைகளில் ஒரு திட்டம் வந்தது: அணிகளை ஊர் அடிப்படையில் பிரித்து அடுக்கப் போகிறார்கள். பொஸ்டன், நியூயோர்க், டொரொன்டோ, அவர்களோடு நாங்கள்.

அதுவரை ஒரு ஆட்டமும் முழுதாகப் பார்த்திராத கணவர், பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"இஞ்சேர், நீர் பொங்கலண்டு சொன்னது ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு," என்றார் அக்கா, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாறட்டும். பேந்து பாப்பம்."

"மாறத்தான் போகுது. படமும் போட்டிருக்கிறான்."

அன்றிலிருந்து கடையில் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு குறைந்து, வரைபடத்தைப் பற்றிய பேச்சு கூடியது. எஞ்சினியர் ஒரு பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதில் ஊர்களைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். அவர் முழுக்க மாற்றத்தின் பக்கம்.

"பாஸ்டன் வரும், நியூயார்க் வரும், டொரொன்டோக்காரன் பஸ் பிடிச்சு வருவான். ஸ்டேடியம் ரொம்பிடும். காலி நாற்காலியைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போச்சுங்க."

"நிரம்பட்டும். ஆனா அந்த லீக்கில போலர் துடுப்பெடுக்க மாட்டான்," என்றார் அக்கா.

இது சின்ன விஷயம் அல்ல. எங்கள் லீக்கில் பந்து வீசுகிறவரும் தன் முறை வந்தால் துடுப்போடு போய் நிற்க வேண்டும். அடுத்த லீக்கில் அவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒரு ஆள். கிரிக்கெட்டில் வளர்ந்த எங்களுக்கு அது விளையாட்டு விதியாகத் தெரியவில்லை, ஒழுக்கக்கேடாகத் தெரிந்தது. எஞ்சினியரே கோடு இழுப்பதை நிறுத்தினார்.

"பிள்ளை," என்றார் கடைக்கார அண்ணை, "உம்மட போலர் அடிச்சு நான் ஒரு நாளும் காணேல்லை."

"அடிக்க வேண்டாம். போய் நிக்கட்டும்."

"நிண்டு?"

"நிண்டு அவுட் ஆகட்டும். பதினோராவது ஆள் துடுப்போட நடந்து போகேக்க வாற சந்தோசம் உங்களுக்கு விளங்காது அண்ணை. நீங்கள் கால்பந்துக்காரர்."

மகஜர் என்ற யோசனை கணவருடையது. பஸ் நிற்காவிட்டால், பாடசாலைக்கு ஆசிரியர் வராவிட்டால், தபால் பிந்தினால் மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிப் பழகிய சனம் நாங்கள். லீக்கின் தலைமையகத்துக்கும் அனுப்பலாம் என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. நான் முன்பு பத்திரிகையில் இருந்தவன் என்பதால் ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மொன்றியல் வாழ் தமிழ் மக்களாகிய நாங்கள், எமது அணியை டொரொன்டோவுடன் ஒரே பிரிவில் சேர்க்கும்படி வேண்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அக்கா வந்து, சேர்க்க வேண்டாம் என்று ஒன்று எழுதித் தரச் சொன்னார். அதையும் எழுதினேன். முதல் பந்தியை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அண்ணை இரண்டையும் காசு இயந்திரத்தின் இரண்டு பக்கமும் வைத்தார். அவர் யாருடைய பக்கமும் இல்லை. இருவரும் வாடிக்கையாளர்கள்.

சனம் இரண்டிலும் கையெழுத்து வைத்தது. பால் வாங்க வந்த ஒரு அம்மா, "ஆருக்கு எதிரா?" என்று கேட்டார்.

"ஒருத்தருக்கும் எதிரா இல்லை அம்மா."

"அப்ப என்னத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்திட்டார். அண்ணை, "மற்றதிலயும் வையுங்கோ, ஒண்டும் குறைஞ்சு போகாது," என்றார். அதிலும் வைத்தார். எதிர்ப்பக்கத்து முடிதிருத்தும் கடைக் கிரேக்கர், பனி அள்ளுவதைப் பற்றியதா என்று விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு இடத்திலும் பெரிதாகக் கிறுக்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா தன் தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இஞ்சருங்கோ, இதென்ன உங்கட கையெழுத்து என்ர மகஜரில?"

கணவர் குனிந்து பார்த்தார். அவருடையதுதான்.

"எல்லாரும் வைச்சுக்கொண்டு நிண்டவை. நானும் வைச்சிட்டன்."

எஞ்சினியர் சிரித்ததில் கறிவேப்பிலை கீழே விழுந்தது. அழிக்கச் சொல்லிக் கணவர் கேட்டார். மகஜரில் வெட்டல் திருத்தல் இருந்தால் மதிப்பு இல்லை என்று அக்கா மறுத்துவிட்டார். அது உண்மைதான்.

அனுப்பும் வேலையை அண்ணை ஏற்றுக்கொண்டார். சில நாள் கழித்து, போய்விட்டதா என்று கேட்டபோது, "ஓம், ரெண்டும் போட்டுட்டன்," என்றார்.

"ரெண்டு உறையிலதானே?" என்றார் கணவர்.

"ஒரே இடத்துக்குத்தானே போகுது. ஒண்டுக்குள்ளயே வைச்சன்."

அந்தப் பிரச்சினை தொடங்கியபின் கணவனும் மனைவியும் ஒரே பக்கம் நின்று சத்தம் போட்டது அன்றுதான். நான் நினைத்துப் பார்த்தேன்: தலைமையகத்தில் ஒரு எழுத்தர் உறையைத் திறக்கிறார். ஒரே நகரம், ஒரே ஆட்கள், சேருங்கள், சேர்க்காதீர்கள். எனக்கு அந்த எழுத்தர்மேல் அனுதாபம் வந்தது. பதில் எதுவும் வரவில்லை.

செய்தி நாளுக்கு நாள் மாறியது. ஒருநாள் பாதி அணிகள் இடம் மாறும் என்றார்கள்; அடுத்த வாரம் ஏழெட்டு; பிறகு இன்னும் குறைவு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எஞ்சினியர் ஒரு புதிய அட்டையைக் கிழித்தார். ஆடி வரை நன்றாக ஆடிய எங்கள் அணி அதற்குள் சறுக்கிக் கீழே போயிருந்தது. ஆனால் யாருக்கும் சோர்வு இல்லை. மாலையில் மெட்ரோவிலிருந்து இறங்கினால் கால் தானாகக் கடைப்பக்கம் நடந்தது. கணவர் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். பிரிவு என்றால் என்ன, ஒரு பிரிவில் எத்தனை முறை மோதுவார்கள் என்று கேட்டவர், பிறகு வெற்றி தோல்விப் பட்டியல்களை வாசித்தார். பிறகு, "விளங்கிக்கொள்ளத்தான்" என்று சொல்லி ஆட்டங்களையும் பார்த்தார். அக்கா ஒரு மூட்டையில், அவர் அடுத்த மூட்டையில். வீட்டில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. குடிபெயர்வது பற்றிக் கார்டெரியில் அக்கா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்பது தெரியும். சொன்னால் வேறு ஆளைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

முடிவு வந்த மாலை வெளியே முதல் பனி, உருகி நடைபாதையில் சேறாகிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி. வேகமாகப் பேசினார்கள். எங்களில் அந்த வேகத்தைப் பிடிக்கக்கூடியவர் அக்கா ஒருவர்தான். அதனால் நாங்கள் திரையைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைப் பார்த்தோம். கணவரும் அப்படித்தான் பார்த்தார்.

"ஒரு டீம்தான் லீக் மாறுதாம்," என்றார் அக்கா.

கணவர் மூட்டையின் நுனிக்கு நகர்ந்தார்.

"மில்வாக்கி."

"அது எங்க இருக்கு?" என்றார் கணவர்.

"இந்தப் பக்கமே இல்லீங்க," என்று எஞ்சினியர் அட்டையில் ஒரு இடத்தைத் தொட்டார். "நம்ம லீக்குக்கு வருது. நாம எங்கேயும் போகலை."

அக்கா கையைத் தூக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. கணவர் பத்திரிகையை இன்னும் ஒரு முறை மடித்தார்.

"சரி," என்றார். "சொன்னாச் சொன்னதுதான். நாங்கள் இஞ்சதான்." சொல்லிவிட்டு, "அண்ணைக்கு ஆர் சொல்லுறது?" என்றார். டொரொன்டோவில் ஒரு வீட்டின் மேல்தளத்தை அவர்களுக்கென்று பேசி வைத்திருந்தார் கணவரின் அண்ணன்.

"நான் சொல்லுறன்," என்றார் அக்கா. கடைக்காரரிடம் அனுமதி கேட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"அத்தான், நான்தான். நாங்கள் வரேல்லை... ஓம், முடிவாத்தான்... நான் என்ன செய்ய, லீக் விடேல்லை." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய புருவம் மெல்ல ஏறியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு கணவரைப் பார்த்தார். "கோவம் இல்லையாம். ஆனா எங்கட டீம் ஒண்டுக்கும் உதவாததாம், அதை நம்பி இருக்கிறமாம். நீங்களே கதையுங்கோ."

கணவர் தொலைபேசியை வாங்கினார். மேல்தளத்து வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லப் போகிறார் என்று நினைத்து நாங்கள் மரியாதைக்குக் கொஞ்சம் விலகி நின்றோம்.

"அண்ணை," என்றார் அவர், "இந்த முறை உங்கட ஆக்கள்தான் பிரிவில கடைசி. எங்கட ஆக்களுக்குக் கீழ இன்னொரு டீம் இருக்கு. பேப்பர் என்னட்டை இருக்கு, வாசிக்கிறன் கேளுங்கோ."

பத்திரிகையை விரித்தார். கடைக்கார அண்ணை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.