கப்பக்கார ஐயாவின் போர்

மார்கழி மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் பனிமூட்டம் வரும். பண்ணைக்காட்டில் மற்ற வீடுகளில் அது ஜன்னலுக்கு வெளியே நின்றுகொள்ளும். எங்கள் வீட்டில் மட்டும் கூடத்தைத் தாண்டி அடுப்படிவரை வந்து, உப்பு ஜாடியைக் கசியவைத்து, நாங்கள் போர்த்தியிருக்கும் கம்பளியில் நனைந்த நாய்க்குட்டியின் வாசனையை ஏற்றிவிட்டுப் போகும். அப்பா எந்தக் கதவையும் சாத்தவிட மாட்டார். "சாத்தினா என்ன, மூச்சா முட்டிரும்?" என்று அம்மா இருமிக்கொண்டே கேட்பாள். அவர் இன்னொரு கம்பளியைக் கொண்டுவந்து என் மேல் போடுவார்.

அப்பா நீர்மூழ்கிக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். திண்டுக்கல்லில் ஒரு வாத்தியார் மகனாகப் பிறந்து, கல்லூரி முடித்த கையோடு கடற்படையில் சேர்ந்து, ரஷ்யாவில் கடல்கூட உறைந்துபோகும் ஒரு துறைமுகத்தில் பயிற்சி பெற்று, எழுபத்தொன்றில் நடந்த போரில் கடலுக்கடியில் இருந்தவர். போர் முடிந்தபின் அவரைக் கரையில் ஒரு கிடங்கில் மேசை வேலைக்கு மாற்றினார்கள். சிறிது காலத்தில் அந்த வேலையையும் விட்டுவிட்டு, மலையில் கொஞ்சம் காப்பித் தோட்டம் வாங்கி, நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றிக்கொண்டு, எங்களோடு இருந்துவிட்டார்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் 'கப்பக்கார ஐயா'. போரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. டீக்கடைதான் அவருக்காகப் பேசியது. எதிரிக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக அவர் 'சாய்ச்ச' கதையை ஜீப் ஓட்டுகிறவர்கள் தாண்டிக்குடிவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையின் நிழலில்தான் நான் வளர்ந்தேன். ஒவ்வொரு குடியரசு தினத்திலும் கொடியேற்றுவது அப்பாதான். கயிற்றை இழுக்கும்போது அவர் முகம் ஏன் சுண்டிப்போகிறது என்று யோசிக்கிற வயது அப்போது எனக்கில்லை.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், கொடியேற்றத்துக்கு முந்தைய நாள், மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய ஒருவர் பஞ்சாமிர்த டப்பாவோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பெயர் முனியசாமி, ராமநாதபுரத்துப் பக்கம். பழநியில் முடியிறக்கிவிட்டு, "எங்க சார் இங்கனதான் இருக்காகன்னு சொன்னாக" என்று விசாரித்து மலையேறி வந்திருந்தார். அப்பாவின் கப்பலில் இஞ்சின் பகுதியில் வேலை பார்த்தவர். அப்பா அவரைக் கட்டிக்கொண்டார். பிறகு, நாங்கள் யாரும் எதிர்பார்க்காதபடி, "காலையில வெள்ளனே வத்தலக்குண்டுக்கு ஒரு பஸ் இருக்கு முனியசாமி, அதுல கெளம்பிரு" என்றார். விருந்தாளியிடம் அப்படிச் சொன்னதற்காக அம்மா அவரை முறைத்தாள்.

ஆனால் செய்தி அதற்குள் தலைமையாசிரியர் காதுக்குப் போய்விட்டது. அவர் வீடு தேடி வந்து, "ஐயாவோட போர்ல இருந்தவரு நம்ம ஊருக்கு வந்துட்டுச் சும்மா போறதாவதுங்க?" என்று முனியசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மேடையில், ஒலிபெருக்கியைப் பார்த்து முதலில் கூச்சப்பட்ட முனியசாமி, பேசப் பேசச் சூடேறிவிட்டார். தலைக்கு மேலே எதிரிக் கப்பல் சுற்றிச் சுற்றி வந்ததையும், தண்ணீருக்குள் குண்டுகள் வெடித்ததையும், விளக்குகள் அணைந்ததையும் சொன்னார். "ஒரு கரண்டி கீழ விழுந்தாலும் மேல கேட்ரும், அம்புட்டுப் பேரும் செத்தோம். அப்ப எங்க சாரு பாறை மாதிரி நின்னாருங்க. இந்தா, இப்பிடி! அவரு மொகத்தப் பாத்துத்தான் நாங்க தைரியமா இருந்தோம்." மைதானம் முழுக்கக் கைதட்டியது. என் பக்கத்தில் இருந்தவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அப்பா எழுந்தார். முனியசாமியிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கினார்.

"முனியசாமி சொன்னதெல்லாம் நடந்தது. ஆனா அப்படி நின்னது நான் இல்லைங்க" என்றார். கூட்டம் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "குண்டு வெடிச்சதும் நான் ஏணியப் பிடிச்சுகிட்டுக் கதவத் தொறங்க, தொறங்கன்னு கத்தினேன். ஆழத்துல கதவு தொறக்காது. ஆனா என் சத்தம் மேல கேட்டிருந்தா எல்லாரும் போயிருப்போம். என் வாயப் பொத்தி, என்னைக் கீழ தள்ளி, என் மேல படுத்துக் கெடந்தது இந்த முனியசாமிதான். கொடிய அவர்தான் ஏத்தணும். இத்தனை வருசமா நான் ஏத்தினது தப்பு."

தலைமையாசிரியருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாடப்போகும் பிள்ளைகளுக்குச் சைகை காட்டினார். கொடி ஏறுமுன்னே தேசிய கீதம் தொடங்கிவிட்டது. எல்லோரும் விறைப்பாக நின்றோம். எனக்குக் காதிரண்டும் எரிந்தன. முன்வரிசையில் அம்மா தலை குனிந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்ததா என்பதை நான் கடைசிவரை கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் முனியசாமி அழுதார். "ஏன் சார் இப்பிடிப் பண்ணிட்டீக? எம்பொண்டாட்டிகிட்டகூட நான் சொன்னதில்லையே. சாமி கும்பிட வந்த எடத்துல இதையா பாக்கணும்?" அப்பா அவர் தோளைத் தட்டி, பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் வழியாகப் பையை நீட்டினார். அதன்பிறகு முனியசாமி எங்கள் மலைக்கு வரவேயில்லை.

அன்று முதல் வகுப்பறைக் கதவை யாராவது சாத்தினால், பின்வரிசைப் பையன்கள் "கதவத் தொறங்க" என்று ஊளையிடுவார்கள். 'கப்பக்கார ஐயா மக' என்று ஆசிரியர் கூப்பிட்டால்கூட எனக்கு உடம்பு குறுகும். ஒருநாள் தாங்கமாட்டாமல் அப்பாவிடமே கேட்டேன்: "அவரே நல்லாத்தான சொன்னாரு. நீங்க ஏம்ப்பா சொன்னீங்க?"

காப்பிப் பழத்தைக் களத்தில் பரப்பிக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார்: "அவன் என் உசிரக் காப்பாத்தினவன் பாப்பா. எனக்காக அத்தனை பேர் முன்னாடி பொய் சொல்லிகிட்டிருந்தான். அதக் கேட்டுகிட்டு எப்படி உக்காந்திருக்கிறது?"

அந்தப் பதில் எனக்கு அப்போது போதவில்லை. அவருக்கும் போதவில்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வருடம் கொடியேற்ற வேறொருவரைக் கூப்பிட்டார்கள். அப்பா கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தினார். மிளகு விற்க ஆள் அனுப்பினார். பஸ் பிடிக்க வேண்டுமென்றால் ஓடையோரப் பாதையில் இறங்கி, வடகவுஞ்சிப் பக்கம் போகும் ரோட்டில் நின்று கைகாட்டி ஏறினார். ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று அவர் நம்பினார், நாங்களும் நம்பினோம். அம்மா திருவிழாக்களுக்குக்கூட வெளியூர்தான் போனாள். நான் படிப்பைச் சாக்காக வைத்து மதுரைக்கு ஓடினேன். அப்பா இறந்தபோது தோட்டத்து ஆட்களும் உறவினரும் மட்டும்தான் வந்தார்கள். ஊருக்கு நாங்கள் சரியாகச் சொல்லவும் இல்லை.

சென்ற மாதம் ஒரு வேலையாகப் பண்ணைக்காடு போயிருந்தேன். தோட்டத்தை வாங்கியவர்கள் வீட்டை இடித்துவிட்டு விடுதி கட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் புதுக் கட்டடம் நிற்கிறது. கேலி செய்த பையன்களில் ஒருவன்கூட ஊரில் இல்லை என்றார்கள்; கோவை, திருப்பூர் என்று பிழைக்கப் போய்விட்டார்களாம். டீக்கடை மட்டும் இருந்தது. அதே குடும்பம், அடுத்த தலைமுறை. பெஞ்சில் காது மந்தமான ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். யார் மகள் என்று கேட்டார். தயங்கித்தான் சொன்னேன், இந்த வயதிலும் காது சூடேறியது.

"கப்பக்கார ஐயா மகளா! நல்ல மனுசனாச்சே. அவரு மொளகு மாதிரி இந்த மலையில இன்னி வரைக்கும் ஒருத்தன் போடல" என்றார். நான் காத்திருந்தேன். போர், மேடை, ஏணி எதுவும் வரவில்லை. ஏதோ நினைவில் தேடியவர்போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கொஞ்சம் வருத்தமாகவே கேட்டார்:

"நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு. அப்புறம் கடைப்பக்கமே வரலையே. ஏந்தாயி, எங்க மேல அவருக்கு என்ன கோவம்?"